நார்த் ரோனல்ட்சே தீவில் பார்த்த கல்வட்டம்: ஆட்டுப்பட்டியா, வேறு ஏதாவதா?

கடலோடி மணி எழுதியது:

ஆகஸ்ட் முதல் வாரம் ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளின் வடகோடியில் இருக்கும் நார்த் ரோனல்ட்சேக்குப் போயிருந்தேன். ஆர்க்னியின் தலைநகரான கிர்க்வாலில் இருந்து எட்டுப் பேர் உட்காரும் குட்டி விமானம். ஏறி பெல்ட்டைச் சரிசெய்வதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார்கள். தீவைச் சுற்றி ஓடும் கல்மதிலைச் சீரமைக்க வருடா வருடம் வெளியாட்களைக் கூப்பிடுகிறார்கள், நானும் பேர் கொடுத்திருந்தேன். மதில் கதையை அப்புறம் எழுதுகிறேன். இப்போது கேள்வி வேறு.

ஒரு நாள் வேலை முடிந்து திரும்பும்போது மதிலுக்கு உள்பக்கம், மேய்ச்சல் நிலத்தின் ஓரமாக ஒரு கல்வட்டம் கண்ணில் பட்டது. சாந்து கிடையாது, மண் பூச்சு கிடையாது, வெறும் தட்டைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. சுவர் என் நெஞ்சு வரை வந்தது. உள்ளே குதித்து அளந்தேன்: குறுக்கே ஐந்து எட்டு வைக்கக்கூட இடம் இல்லை. ஒரு பக்கம் சரிந்து கற்கள் புல்லில் சிதறிக் கிடந்தன. உள்ளே காஞ்சொறி இடுப்பளவுக்கு மண்டியிருந்தது. முழங்கையில் பட்ட எரிச்சல் ராத்திரி வரை போகவில்லை.

பழைய ஆட்டுப்பட்டி என்று நினைத்து நாலு படம் எடுத்தேன். ஊருக்கு வந்து பார்த்தால் ஏதோ இடிக்கிறது. இங்கே விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், சொல்லுங்கள். எத்தனை வருடப் பழசு இருக்கும்?

பட்டிக்காட்டான் எழுதியது:

இதில் சந்தேகமே வேண்டாம், பட்டிதான். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஆடு. காஞ்சொறி ஒரு இடத்தில் இப்படிக் கொழுத்து நிற்கிறது என்றால் அடியில் புழுக்கை உரம் இருக்கிறது என்று அர்த்தம். ஆட்டை அடைத்த இடத்து மண்ணில் பாஸ்பரஸ் ஏறிவிடும், அது லேசில் இறங்காது. அந்தச் செடிக்கு அதுதான் தீனி. பட்டியைக் கைவிட்டுப் பல காலம் ஆனாலும் புல்லின் நிறமே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று. நாலாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சரிந்த பக்கத்தில் நீளமான ஒரு கல்லைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். வாசலை மறிக்கும் கல் அது. ஆட்டை உள்ளே தள்ளிவிட்டு அதை எடுத்துக் குறுக்கே நிறுத்தினால் தீர்ந்தது வேலை.

கல்தச்சன் எழுதியது:

பட்டிக்காட்டான் சொல்லும் பாஸ்பரஸ் விஷயம் சரி. தொல்லியலாளர்களும் அதைத்தான் செய்கிறார்கள்: உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று மண் எடுத்து பாஸ்பேட் அளவை ஒப்பிடுவார்கள். கூடவே, சாணத்தில் வளரும் பூஞ்சையின் வித்துகள் மண்ணில் இருக்கின்றனவா என்றும் நுண்ணோக்கியில் தேடுவார்கள்.

ஆனால் உரம் இருந்தால் ஆடு இருந்தது என்று முடிவு கட்டிவிட முடியாது. உரத்தை மனுஷனும் கொண்டுவந்து கொட்டலாம்.

மணி, ஒரே ஒரு கேள்விக்கு முதலில் பதில் சொல்லுங்கள். வாசல் எங்கே?

கடலோடி மணி எழுதியது:

அதுதான் இடிக்கிறது என்றேன். வாசலைப் பார்த்ததாக ஞாபகமே இல்லை. நான் சுவரேறித்தான் குதித்தேன். சரிந்த பக்கத்தில் இருந்திருக்கலாம்.

கல்தச்சன் எழுதியது:

சரிந்த இடம் வேறு, வாசல் வேறு. வாசல் விட்டுக் கட்டினால் சுவரின் இரண்டு முனைகளும் நேராக முடியும். அந்த இடத்தில் நல்ல பெரிய கற்களாகப் பொறுக்கி, ஒன்றை நெடுக்கிலும் அடுத்ததைக் குறுக்கிலும் மாற்றி மாற்றி வைப்பார்கள், இல்லாவிட்டால் முனை நிற்காது. சரிந்த இடத்தில் அப்படி எதுவும் இருக்காது, பல்லு போன வாய் மாதிரி கிழிந்து கிடக்கும். இன்னொரு சோதனையும் உண்டு: விழுந்த கற்களுக்கு அடியில் அஸ்திவார வரிசை தொடர்ந்து ஓடுகிறதா? ஓடினால் அங்கே வாசல் இருந்ததில்லை.

மூன்றாவது படத்தில் புல்லுக்கு நடுவே அந்த வரிசை எனக்குத் தெரிகிறது. இடைவெளி இல்லாமல் வளைந்து போகிறது.

என் கணிப்பு: இது ஆட்டுப்பட்டி இல்லை, நாற்றங்கால். ஆர்க்னியில் பிளான்டிகுரூ என்பார்கள், அதற்கு வடக்கே இருக்கும் ஷெட்லண்ட் தீவுகளில் பிளான்டிகிரப். கோடை முடிவில் கேல் (முட்டைக்கோஸ் இனத்துக் கீரை) விதையை இதற்குள் தெளிப்பார்கள். குளிர்காலம் முழுக்க நாற்று இங்கேயே கிடக்கும். வசந்தத்தில் பிடுங்கி வீட்டுத் தோட்டத்தில் நடுவார்கள். மரமே இல்லாத தீவு, உப்புக் காற்று வேறு. நெஞ்சளவுச் சுவர் இல்லாவிட்டால் நாற்று ஒரு வாரம் தாங்காது. அதைவிடப் பெரிய தொல்லை ஆடு. வாசல் வைத்தால் அது எப்படியாவது உள்ளே புகுந்துவிடும் என்றுதான் வாசலே இல்லாமல் கட்டினார்கள். மனுஷன் சுவரேறிப் போவான், நீங்கள் போன மாதிரி.

பட்டிக்காட்டான் எழுதியது:

அப்போ அந்த நீளக் கல்? நாற்றங்காலுக்கு எதற்கய்யா கதவுக்கல்?

வாசலே இல்லை என்றாலும் ஆட்டைத் தூக்கி உள்ளே போட முடியாதா? நோஞ்சான் குட்டி, காயம்பட்ட ஆடு என்று நாலைந்தைத் தனியாக வைக்க இந்த அளவு போதுமே. எங்கள் அப்பா கூடையைக் கவிழ்த்தே குட்டிகளை அடைத்திருக்கிறார்.

கல்தச்சன் எழுதியது:

குட்டியைத் தூக்கிப் போடலாம். முழு ஆட்டைத் தினமும் நெஞ்சளவுச் சுவருக்கு மேல் தூக்கிப் போட்டு எடுக்கிறவனுக்கு முதுகு எத்தனை நாள் நிற்கும்? கல்லை அடுக்கத் தெரிந்தவனுக்கு ஒரு வழி விடத் தெரியாதா? பிரிட்டன் முழுக்கக் கல்வேலிகளில் ஆடு மட்டும் நுழைகிற மாதிரி அடியில் சதுர ஓட்டை விடுவது பழைய வழக்கம். மேலே ஒரு நீளக் கல்லைப் பாலம் மாதிரி போட்டு, வேண்டாதபோது ஒரு பலகைக் கல்லால் மூடிவிடுவார்கள். நீங்கள் சொல்லும் கதவுக்கல் அந்த மாதிரி ஓட்டைக்குப் பொருந்தும். படத்தில் இருப்பது மூன்றடிக்கு மேல் நீளம், ஓட்டையைக் காணோம்.

வெண்மதி எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். சில வருடங்களுக்கு முன் ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கும் செயின்ட் கில்டா தீவுக்கூட்டத்துக்குப் போயிருந்தேன், அதில் ஹிர்டா தீவு. 1930 ஆகஸ்ட் 29 அன்று கடைசி 36 பேரும் ஊரைக் காலி செய்துவிட்டுப் போன இடம். அங்கே ‘க்ளைட்’ என்று கல்லால் அடுக்கிய சின்னச் சின்னக் குடில்கள், ஹிர்டாவில் மட்டுமே ஆயிரத்து இருநூறுக்கு மேல். கடற்பறவை, முட்டை, எரிக்கிற கரிமண் எல்லாவற்றையும் அதில்தான் வைத்தார்கள். கல் இடுக்கு வழியாகக் காற்று போய் உள்ளே இருப்பதை உலர்த்தும். மேலே புல்கட்டி போட்டு மூடியதால் மழை இறங்காது.

நான் ஒரு க்ளைட்டுக்குள் தலையை விட்டேன். ஆட்டு வாசனை முகத்தில் அடித்தது. தரை முழுக்கப் புழுக்கை, மூலையில் ஒரு ஆட்டின் எலும்புக்கூடு. மக்கள் போன பிறகு 1932-ல் பக்கத்துத் தீவான சோயேயில் இருந்து 107 ஆடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றை யாரும் மேய்ப்பதில்லை, கத்தரிப்பதில்லை, தீனி போடுவதில்லை. குளிரில் க்ளைட்டுக்குள் ஒதுங்குகின்றன, சில அங்கேயே செத்தும் போகின்றன.

அதனால் ஐந்நூறு வருடம் கழித்து ஒருவர் வந்து க்ளைட்டுக்குள் மண்ணெடுத்துச் சோதித்தால் ‘ஆட்டுக்கொட்டகை’ என்றுதான் எழுதுவார். பறவை வைத்த அறை என்பது அவருக்கு எட்டவே எட்டாது. பட்டிக்காட்டான் அண்ணா, உங்கள் காஞ்சொறிச் சாட்சியை நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

பட்டிக்காட்டான் எழுதியது:

சரி தங்கச்சி, காஞ்சொறியை விட்டுவிடுகிறேன். கல்லை விடமாட்டேன்.

தீவகன் எழுதியது:

படங்களைப் பார்த்ததும் நெடுந்தீவு ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் பக்கமும் சாந்து இல்லாமல் பவளக் கல்லை அடுக்கித்தான் வளவுக்கு வேலி. அங்கே ஆட்டுக்குப் பதில் குதிரை, ஒல்லாந்தர் காலத்துக் குதிரை லாயத்தின் கல்தூண்கள் இன்னும் நிற்கின்றன. கல்வேலியில் ஒரு இடம் விழுந்தால் அன்றைக்கே தூக்கி வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் மாடு அதைப் பாதையாக்கிவிடும். இதுவரை என்ன நடந்தது என்று பார்க்கத்தான் வந்தேன், தொடருங்கோ.

கடலோடி மணி எழுதியது:

மதில் பற்றி எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா, அது இந்தச் சண்டைக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

நார்த் ரோனல்ட்சே ஆடுகள் கடற்பாசி தின்று வாழ்பவை. தீவைச் சுற்றி ஏறத்தாழ 21 கிலோமீட்டருக்கு ஓடும் கல்மதில், ஆறடி உயரம், 1832-ல் எழுப்பியது. அதற்கு முன் கரையில் பாசியை எரித்துச் சாம்பல் எடுக்கும் தொழில்தான் தீவின் வருமானம். கண்ணாடிக்கும் சோப்புக்கும் அந்தச் சாம்பல் போனது. தொழில் படுத்ததும் உள்நிலத்தைப் பயிருக்கும் மாட்டுக்கும் ஒதுக்கி, ஆடுகளைக் கடற்கரைக்குத் தள்ளி மதிலை எழுப்பிவிட்டார்கள். குட்டி போடும் பருவத்தில் தாய் ஆடுகளை மட்டும் உள்ளே விடுவார்கள். மற்றபடி வருடம் முழுக்கக் கரையும் பாசியும்தான். பாசியில் தாமிரம் குறைவு என்பதால், கிடைக்கிற துளித் தாமிரத்தையும் விடாமல் உறிஞ்சும்படி அவற்றின் உடம்பு பழகிவிட்டது. இப்போது வெறும் புல்லில் நெடுநாள் விட்டால் தாமிரமே விஷமாகிவிடுமாம். மேய்ச்சல்கூடப் பகல் இரவு பார்த்து இல்லை. கடல் வற்றினால் மேயும், ஏறினால் படுத்து அசைபோடும்.

பட்டிக்கு அங்கே பெயர் ‘பண்ட்’. மதிலை ஒட்டிக் கரையோரமாக ஆங்காங்கே இருக்கிறது, எல்லாம் கல் அடுக்கு. கம்பளி கத்தரிக்க, எண்ண, குட்டிகளின் காதில் அடையாளம் வெட்ட, ஊரே திரண்டு ஆடுகளை இதற்குள் ஓட்டும். நான் போன வாரத்தில் ஒரு ஓட்டம் நடந்தது. கடல் ஏறும் வரை காத்திருந்தோம், வற்றியிருந்தால் அவை பாறைகளுக்குள் ஓடி ஒளிந்துவிடும். கைகளை அகல விரித்துக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும், ஓடக்கூடாது. பாட்டிகள் முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை வரிசையில். எனக்கு இடப்பக்கம் நின்ற சிறுமிக்குப் பத்து வயதுதான் இருக்கும், நான் முந்திக்கொண்டு போனதற்கு என்னை அதட்டினாள். பட்டிக்கு முன்னால் சுவர் இரண்டு கையாக நீண்டு புனல் மாதிரி குறுகும். முதல் ஆடு உள்ளே பாய்ந்தால் போதும், மற்றவை கொட்டின மாதிரி பின்னாலேயே போய்விடும்.

நான் பார்த்ததில் ஒன்று இப்போதுதான் உறைக்கிறது. அந்த வாசலில் தொடை உயரத்தில் இருக்கும் கற்கள் மட்டும் வழுவழு என்று இருந்தன. கருத்து, கையால் தடவினால் பிசுக்கு ஒட்டியது. ஆடுகள் நெருக்கியடித்து நுழையும்போது கம்பளியும் அதன் எண்ணெயும் தேய்த்துத் தேய்த்து வந்த பளபளப்பு. அதற்கு மேலும் கீழும் இருந்த கற்கள் சொரசொரப்பாக, மஞ்சள் பாசிப்படலத்தோடு இருந்தன.

கல்வட்டத்தின் படங்களை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். உள்ளும் புறமும் எல்லாக் கல்லும் ஒரே மாதிரி சொரசொரப்பு.

கல்தச்சன் எழுதியது:

அருமை. இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் பாதி இழை மிச்சம்.

வட்டம் மதிலுக்கு உள்பக்கம் இருப்பதை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1832-க்கு முன் ஆடுகள் தீவு முழுக்கத் திரிந்தன. நாற்றைக் காப்பாற்றச் சுவர் தேவைப்பட்டதே அதனால்தான்.

வெண்மதி எழுதியது:

நாற்றை உள்ளே வைத்து ஆட்டை வெளியே நிறுத்தச் சுவர். 1832-ல் பயிரை உள்ளே வைத்து ஆட்டை வெளியே நிறுத்த இன்னொரு சுவர். தீவே ஒரு பெரிய பிளான்டிகுரூதான் போல!

பட்டிக்காட்டான் எழுதியது:

வயசு என்ன என்று யாரும் சொல்லவில்லையே. ஆர்க்னி என்றாலே ஐயாயிரம் வருடம் என்கிறார்கள். ஆர்க்னியிலேயே இன்னொரு தீவான பாப்பா வெஸ்ட்ரேயில் நாப் ஆஃப் ஹௌவர் வீடு கி.மு. 3700 வாக்கில் கட்டியது, சுவர் இன்றும் நிற்கிறது, அதுவும் சாந்தில்லாத கல் அடுக்குதான். இது ஏன் அந்தக் காலத்து வேலையாக இருக்கக்கூடாது?

கல்தச்சன் எழுதியது:

நாப் ஆஃப் ஹௌவர் நின்றது மணலுக்குள் புதைந்து கிடந்ததால். காற்றில் நிற்கும் சுவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அது விழும், யாராவது எடுத்து அடுக்குவார்கள், மறுபடி விழும். 2012 டிசம்பர் புயலில் மணி வேலை செய்த மதிலே பல இடங்களில் சரிந்தது. இன்று அங்கே நிற்கும் மதிலில் எந்தக் கல் 1832-ல் வைத்த இடத்தில் இருக்கிறது, எது போன வருடம் வைத்தது என்று பார்த்துச் சொல்ல முடியாது. கல்லின் வயசு கோடிக்கணக்கு, அடுக்கின் வயசு ஒரு மத்தியானமாக இருக்கலாம்.

ஆடு பாசி தின்றது மட்டும் உண்மையிலேயே ஐயாயிரம் வருடப் பழசு. பாப்பா வெஸ்ட்ரேக்குப் பக்கத்துக் குட்டித் தீவான ஹோம் ஆஃப் பாப்பா வெஸ்ட்ரேயில் கிடைத்த புதிய கற்கால ஆட்டுப் பற்களில் ஐசோடோப்பை (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடை அணுக்களின் அளவை) பார்த்து, அவை குளிர்காலத்தில் கடற்பாசி தின்றன என்று காட்டியிருக்கிறார்கள். அதற்காக இந்த வட்டத்தையும் அங்கே கொண்டுபோய் ஒட்ட முடியாது.

வயசு பார்க்க வழி இல்லாமல் இல்லை. சாந்து இருந்தால் அதில் கலந்த கரித்துண்டை வைத்து கார்பன் முறையில் வயசு பார்க்கலாம், இங்கே அது இல்லை. சுவருக்கு அடியில் மூடுண்ட மண் கடைசியாக எப்போது வெயில் பார்த்தது என்று கணிக்கும் ஒளிர்வு முறை இருக்கிறது, அதற்கு அகழாய்வு வேண்டும், அனுமதி வேண்டும். கல்மேல் திட்டுத் திட்டாகப் படரும் லைக்கன் என்ற பாசிப்படலத்தின் வட்ட அளவை வைத்தும் கணிக்கிறார்கள். பழைய கல்லை எடுத்து அடுக்கியிருந்தால் லைக்கனும் கூடவே வந்திருக்கும், அதனால் நான் அதை அவ்வளவாக நம்புவதில்லை. எல்லாவற்றையும்விட எளிது, எந்தச் சுவர் எந்தச் சுவரில் வந்து முட்டுகிறது என்று பார்ப்பது. முட்டுகிற சுவர் பிந்தையது. உங்கள் வட்டம் எதையும் தொடாமல் தனியாக நிற்கிறது, அதனால் அந்த வழியும் அடைபட்டது.

மிச்சம் வரைபடம். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த, மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் வரைந்த நிலவரைபடங்கள் இலவசமாக இருக்கின்றன. தேடிப் பாருங்கள்.

நெறியாளர்:

படங்களைப் பார்த்து யாராவது நேரில் போவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். நடந்து பார்க்க அந்த நாட்டில் சட்டமே உரிமை கொடுக்கிறது. கல்லை நகர்த்த அல்ல. பட்டியலிட்ட சின்னமாக இருந்தால் சேதப்படுத்துவது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கடலோடி மணி எழுதியது:

வரைபடம் கிடைத்தது. நான் நின்ற இடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டிருக்கிறார்கள், பெயர் எதுவும் எழுதவில்லை. மதில் அதே படத்தில் தடித்த கோடாகத் தெரிகிறது. ஆக, 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு முன்பே அது இருந்திருக்கிறது. அதற்கு மேல் என்னால் பின்னால் போக முடியவில்லை. வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடும் குறித்திருக்கிறது, இப்போது அங்கே கூரையில்லாத இரண்டு சுவர்தான். கேல் நாற்று அந்த வீட்டுக்காரர்களுடையதாக இருக்கலாம்.

கரையில் இன்னும் சில வட்டங்களும் பார்த்தேன், தரைக்குள் இறங்கி, உள்ளே கல் பதித்து, கிடைமாடு படுக்கக்கூட இடமில்லாத அளவில். அவையும் நாற்றங்கால்தானா?

கல்தச்சன் எழுதியது:

குழியாக இருந்தால் பாசி எரித்த அடுப்பு. நீங்களே சொன்ன சாம்பல் தொழில். கல்லில் சூட்டுத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

பட்டிக்காட்டான் எழுதியது:

எல்லாம் சரி. வாசல் இல்லை, பளபளப்பு இல்லை, பக்கத்தில் வீடு, ஒத்துக்கொள்கிறேன். அந்த நீளக் கல் மட்டும் இன்னும் என் தொண்டையில் நிற்கிறது. மற்றதெல்லாம் விழுந்த வாக்கில் கிடக்கிறது, அது மட்டும் சுவரில் பாங்காகச் சாய்ந்து நிற்கிறது. தானாக விழுந்த கல் அப்படி நிற்காது. யாரோ ஒரு காரணத்தோடு நிறுத்தியிருக்கிறார்கள். கல்தச்சன் இதற்கு ஒரு பதில் சொல்லட்டும்.

கல்தச்சன் எழுதியது:

உண்மையைச் சொன்னால், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஏறி இறங்கப் படியாக வைத்திருக்கலாம் என்று நினைத்தேன், ஆனால் அந்தக் கோணத்தில் கால் நிற்காது. அடியில் இருக்கும் புல் வேறு நசுங்கி, இன்னும் பச்சையாக இருக்கிறது. அதுதான் புரியவில்லை.

கடலோடி மணி எழுதியது:

இரண்டு நாளாகச் சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தேன். நெறியாளர் வேறு சட்டத்தைச் சொல்லிவிட்டார்.

அந்தக் கல் புல்லில் படுத்துக் கிடந்தது. அன்றைக்கு ஷூவுக்குள் தண்ணீர் போய்விட்டது, காலுறை மாற்ற உட்கார ஒரு இடம் தேடினேன். அதைத் தூக்கி இரண்டு கல்லுக்கு மேல் பலகை மாதிரி வைத்து உட்கார்ந்தேன். கிளம்பும்போது மரியாதையாக இருக்கட்டும் என்று சுவரில் சாய்த்து வைத்தேன். அதற்கு அப்புறம்தான் நாலாவது படம் எடுத்தேன்.

வெண்மதி எழுதியது:

ஐயோ 😂

கல்தச்சன் எழுதியது:

தீவுக்கு மின்னஞ்சல் எழுதி, கல் முன்பு எங்கே கிடந்தது என்று சொல்லிவிடுங்கள் மணி. இரண்டாவது படம் அதற்கு முன் எடுத்ததுதானே? அதில் கல் தெரிகிறது, இடது ஓரத்தில். அந்தப் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

பட்டிக்காட்டான் எழுதியது:

மூன்று நாளாக நான் இவரோடு மல்லுக்கு நின்றது உங்கள் ஈரக் காலுறைக்காகவா மணி?